"ஸ்கின் கலர்" க்ரேயான் எது?

ஆஸ்டினிலிருந்து:

என் பையனுக்கு அப்போது நாலரை வயது. ப்ரீஸ்கூலில் வரைந்த குடும்பப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அப்பா பிரவுன், நான் பிரவுன், திருநெல்வேலியிலிருந்து ஆறு மாசம் தங்க வந்திருந்த ஆச்சி, அதாவது என் மாமியார், கொஞ்சம் அழுத்தமான பிரவுன். அவன் மட்டும் பீச் நிறம். "நீ ஏன்டா இப்படி இருக்க?" என்றேன். "இதுதாம்மா ஸ்கின் கலர்" என்றான். அப்போ மற்ற மூன்று பேருக்கும் பூசியிருப்பது என்னவாம்?

க்ரேயோலா கம்பெனி அந்தக் குச்சிக்கு வைத்திருந்த 'ஃப்ளெஷ்' என்ற பெயரை 1962லேயே 'பீச்' என்று மாற்றிவிட்டது. டப்பாவில் பெயர் மாறி அறுபது வருஷமாகியும் பிள்ளைகள் வாயில் மாறவில்லை.

நான் என்ன செய்தேன்? "எல்லாரும் ஒண்ணுதான் கண்ணா, எல்லாரும் அழகுதான்" என்று சொல்லிவிட்டு தோசை ஊற்றப் போய்விட்டேன்.

அந்த வாரம் ஆபீஸில் ஒரு தோழி, பிள்ளைகள் இன வேறுபாட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது பற்றிய பழைய கட்டுரை ஒன்றை அனுப்பினாள். போ பிரான்சன், ஆஷ்லி மெரிமன் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் எழுதியது. 2009 செப்டம்பரில் நியூஸ்வீக் அட்டையில் ஒரு கைக்குழந்தை முகத்தோடு வந்ததே, அதுதான். அதில் முக்கியமான ஆய்வு இங்கே, எங்கள் ஊர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பிர்கிட்டே விட்ரப் என்ற ஆராய்ச்சி மாணவி நடத்தியது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் உள்ள சுமார் 100 வெள்ளையர் குடும்பங்கள். சிலருக்குப் பல இனக் குழந்தைகள் வரும் வீடியோக்கள் மட்டும், சிலருக்கு வீடியோவும் பேச்சும். இன்னும் சிலர் வீடியோ இல்லாமல் தினமும் ராத்திரி பிள்ளையிடம் இனத்தைப் பற்றிப் பேசினால் போதும். இந்தக் கடைசிக் கூட்டத்தில் ஐந்து குடும்பங்கள் விலகியே போய்விட்டன. பேச ஒத்துக்கொண்டவர்களும் பெரும்பாலும் என் தோசை வசனத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மனசுவிட்டுப் பேசிய வீடுகள் ஆறே ஆறு. அந்த ஆறு பிள்ளைகளும் மற்ற இனத்தவரைப் பார்க்கும் விதத்தில் ஒரே வாரத்தில் நல்ல மாற்றம் தெரிந்ததாம்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்: வெள்ளைக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், நமக்கு அந்தக் கூச்சம் இல்லையே என்று. அன்றைக்குச் சாயங்காலமே போயிற்று. "வெயில்ல ஆடாத, கறுத்துப் போவ" என்று வாசலில் ஆச்சி குரல். குளிக்கும்போது கடலை மாவு. போனில் சித்தி, "கொழுந்த யார் கலரு? அவங்கப்பா கலர்தான் வந்திருக்கு போல" என்று ஒரு பெருமூச்சு. எங்கள் வீட்டில் ஒரு நாளில் பத்து தடவை நிறம் பேசப்படுகிறது. பையன் கேட்டபோது மட்டும்தான் எல்லாரும் ஒண்ணாகிவிட்டார்கள்.

அத்தையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு நிறம் கம்மி" என்று எழுந்து போன கதையை, ஏதோ அடுத்த வீட்டுக் கதை மாதிரி சிரித்துக்கொண்டு சொல்வார். உங்கள் வீடுகளில் எப்படி? நடந்ததைச் சொல்லுங்கள்.

கனடா ஸ்காபரோவிலிருந்து:

அக்கா, வாசிச்சிட்டு எனக்கும் ஒண்டு சொல்லோணும் போல இருந்தது. என்ர மகள் ஜூனியர் கிண்டர்கார்டனுக்குப் போற வயது. பார்க்கில அவளோட ஊஞ்சல் ஆடுற ஜமேக்காப் பிள்ளையின்ர தாயும் நானும் கதைச்சுக்கொண்டு நிக்கிறம். மகள் ஓடி வந்து, இங்கிலிஷில, "அம்மா, காப்பிலி எண்டா என்ன? அம்மம்மா இவளை அப்பிடித்தான் சொல்லுறவ" எண்டு கேட்டாள். எங்கட ஆக்கள் கறுப்பினத்தவரை இளக்காரமாச் சொல்லுற சொல் அது. நல்ல காலம், அந்தத் தாய்க்கு விளங்கேல்ல. என்ர முகம் விளங்கியிருக்கும்.

வீட்ட வந்து அம்மாவோட பெரிய சண்டை. "இஞ்ச எல்லாரும் சொல்லுறதுதானே, நான் கெட்டதாச் சொல்லேல்ல" எண்டா. எங்கட அம்மா 1983 ஜூலையில, தமிழருக்கு எதிரான கலவரம் நடக்கேக்க, கொழும்பில நிண்டவ. பஸ்ஸை மறிச்சு, வாளிக்குச் சிங்களத்தில என்ன எண்டு கேட்டு, 'பால்திய' எண்டு சொல்லுற உச்சரிப்பை வச்சுத் தமிழரைப் பிரிச்ச நாட்கள். நான் அதை ஞாபகப்படுத்தினன். கோவத்திலதான் சொன்னனான், யோசிச்சுச் சொல்லேல்ல. அம்மா எழும்பி அறைக்குள்ள போயிட்டா. ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்ல. அதுக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் வீட்டில கேக்கேல்ல. பேத்தியிட்ட என்ன சொன்னவ எண்டு எனக்குத் தெரியாது, ரெண்டு பேரும் சொல்லவும் மாட்டினமாம்.

நியூ ஜெர்சியிலிருந்து:

எனக்கு அந்த அட்டைத் தலைப்பு பிடிக்கவில்லை. கைக்குழந்தை படத்தைப் போட்டு, இது இனவெறி பிடித்ததா என்று கேட்பது வியாபாரம். மூன்று மாதக் குழந்தை தன் இனத்து முகங்களை அதிக நேரம் பார்க்கிறது என்று 2005இல் பிரிட்டனில் கண்டார்கள். பிறந்த குழந்தையிடம் அது இல்லை. இஸ்ரேலில் அடுத்த வருஷம் வந்த ஆய்வில், பல நிற முகங்களுக்கு நடுவே இருந்த எத்தியோப்பிய வம்சக் குழந்தைகளிடமும் அந்தச் சாய்வு தெரியவில்லை. இதில் வெறுப்பு எங்கே வந்தது? கண் பழக்கம்.

இப்படி எல்லாம் வாதாடுகிற நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் முழுக்க நம் ஆட்கள். டே கேர், கோயில், கடை எல்லாம் அதே முகங்கள். மகள் இரண்டு வயதில், பார்சல் கொண்டுவந்த கறுப்பின இளைஞரைப் பார்த்து வீரிட்டு அழுது என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். "தூக்கக் கலக்கம்" என்றேன் அவரிடம். காலை பதினோரு மணி. அவர் தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போனார். அவருக்கு இது எத்தனையாவது வீடோ. அவள் கண்ணுக்கு வேறு முகமே காட்டாமல் வீடு பார்த்துக் குடிவந்தது நான்தானே.

மறுபடி ஆஸ்டினிலிருந்து:

ஸ்காபரோ தங்கச்சி, உங்கள் அம்மாவைப் பற்றித்தான் ரெண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பையனிடம் பிறகு என்ன பேசினேன் என்று கேட்டவர்களுக்கு: பெரிய உரையாடல் எதுவும் நடத்தவில்லை. அதே க்ரேயோலா 2020இல் 24 தோல் நிறங்கள் கொண்ட டப்பா ஒன்று கொண்டுவந்தது, அதை வாங்கித் தரையில் கொட்டினேன். பையன் ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்த்தான். "மெலனின்னு ஒண்ணு உள்ள இருக்கு, நமக்கு அது நிறைய" என்றேன். சிலரை நிறத்தை வைத்து இந்த ஊரில் பஸ்ஸில் பின்னால் உட்கார வைத்தார்கள் என்றும் சொன்னேன். "ஆச்சியையுமா?" என்றான். அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அத்தை முந்திக்கொண்டு, "என்னய பஸ்ஸுல இல்லடா, வீட்டுலதான்" என்றார். பிறகு தானும் உட்கார்ந்து கையை நீட்டினார். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டைக் கலந்து தேய்த்துக் காட்டினான்.

கடலை மாவு டப்பா இன்னும் குளியலறையில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு போகத்தானாம்.