12 எம்.எம். எம்.டி.எஃப். லேசர்ல வெட்டினா ஓரம் கரியாகுது, அடியில அறுபடல: வழி சொல்லுங்க

காரைக்குடி கடைக்காரர்:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில சின்னதா லேசர் கட்டிங் கடை வச்சிருக்கேன். 80 வாட் சி.ஓ.டூ மிஷின், ரெண்டு இஞ்ச் லென்ஸ். இதுவரைக்கும் 3, 4 எம்.எம். வேலைதான். இப்ப கானாடுகாத்தான்ல இருந்து ஒரு ஆச்சி வந்திருக்காங்க. பேரன் கல்யாணத்துக்கு முகப்புல வைக்க, அவங்க வீட்டு நிலைவாசலுக்கு மேல இருக்குற கஜலட்சுமியும் ரெண்டு பக்கத்து அன்னமும் அச்சு அசலா வேணுமாம். கனம் இருந்தாத்தான் செதுக்கு வேலை மாதிரி தெரியும்னு 12 எம்.எம். எம்.டி.எஃப். வாங்கினேன். நம்ம ஆசாரிங்க கணக்குல நாலு நூல்.

வெட்டிப் பாத்தா மேல கோடு மெல்லிசா அழகா இருக்கு, அடியில அங்கங்க அறுபடவே இல்ல. கத்தியை விட்டு நெம்பினா அன்னத்தோட அலகு நார் நாராப் பிஞ்சு வருது. ஸ்பீடை செகண்டுக்கு 6 எம்.எம்.ல இருந்து 3-க்குக் குறைச்சேன். அறுந்துச்சு, ஆனா ஓரமெல்லாம் அடுப்புக்கரி, தொட்டா விரல்ல மை மாதிரி ஒட்டுது. அடிப்பக்கம், பலகையைத் தாங்குற தேன்கூட்டு பெட்டோட கட்டம் அப்படியே பழுப்பா விழுந்திருக்கு. ஓரமும் சாஞ்சிருக்கு.

ரெண்டு பலகை போச்சு. "எங்க ஐயா காலத்துல பர்மாவுல இருந்து வந்த தேக்கு"ன்னு சொல்லி ஆச்சி அந்த நிலையைத் தடவிக் காட்டுனாங்க. அதைப் பாத்துட்டு ஏனோதானோன்னு ஒண்ணைக் குடுக்க எனக்கு மனசு வரல. பெரிய ட்யூப் மாத்தணுமா?

தேவகோட்டை மிஷின் சர்வீஸ்:

தம்பி, ட்யூப்ல கை வைக்காதீங்க. உங்களுக்குக் குறை பவர்ல இல்ல, காத்துலயும் ஃபோகஸ்லயும் (ஒளி குவியிற புள்ளி).

எம்.டி.எஃப்.ங்கிறது மரநாரைப் பசையோட சேத்து அழுத்தின பலகை. ஒளி பட்டதும் பசையும் நாரும் புகையாகுது. அந்தப் புகை வெட்டுக்குள்ள இருந்து வெளிய போகலைன்னா அங்கயே தங்கி ஓரத்தைச் சுடும், கீழ வர்ற ஒளியையும் மறிக்கும். ஸ்பீடைக் குறைக்கக் குறைக்க ஓரத்துக்குச் சூடுதான் கூடும். மிஷினோட வந்த மீன்தொட்டி பம்ப் மாதிரி சாமானைக் கழட்டி வச்சுட்டு, நல்ல கம்ப்ரஸர்ல இருந்து 2 பார் அழுத்தத்துல வெட்டுற இடத்துக்குக் காத்து குடுங்க. காத்து வர்ற நாசில் பலகைக்கு 5 எம்.எம். கிட்ட இருக்கணும். லைன்ல தண்ணி பிரிக்கிற ஃபில்டர் கட்டாயம், இல்லைன்னா லென்ஸ் மேல துளி தெறிச்சு விரிசல் விடும்.

அடுத்தது ஃபோகஸ். மேல்பரப்புல வச்சிருப்பீங்க. 4 எம்.எம். உள்ள இறக்குங்க. முடிஞ்சா 4 இஞ்ச் லென்ஸ் வாங்கிக்கங்க. குவிய நீளம் ரெண்டு மடங்கானா புள்ளியும் ரெண்டு மடங்கு பெருசாகும், ஆனா ஃபோகஸ் நிக்கிற ஆழம் நாலு மடங்காகும். 12 எம்.எம்.க்கு அந்த ஆழந்தான் வேணும். கோடு கொஞ்சம் தடிக்கும், கஜலட்சுமியோட நகை வேலை மாதிரி நுணுக்கம் இருந்தா அதை மட்டும் 3 எம்.எம்.ல தனியா வெட்டி மேல ஒட்டுங்க.

சாய்வு எந்தப் பக்கம்னு பாருங்க. ஒரு சதுரம் வெட்டி எதிரெதிர் ஓரத்தை அளங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நோக்கிச் சாஞ்சா அது ஒளிக்கூம்போட இயல்பு. ரெண்டும் ஒரே பக்கம் சாஞ்சா ஒளி செங்குத்தா விழல, ஒளியைத் திருப்பி விடுற கண்ணாடிங்களோட அலைன்மென்ட் போயிருக்கு. 3 எம்.எம்.ல இது கண்ணுக்கே தெரியாது.

தேன்கூட்டுத் தழும்புக்கு பலகையை ஒரு இஞ்ச் தூக்கி வைங்க, நாலஞ்சு முட்டு போதும். புகையும் அடிவழியாப் போகும். பசையில யூரியா ஃபார்மால்டிஹைட் இருக்கு, கண் எரியும். எக்ஸாஸ்ட் குழாய் தெருவுக்குப் போகணும், கடைக்குள்ளயே சுத்தக்கூடாது. வெட்டிக்கிட்டு இருக்கும்போது டீ குடிக்கக்கூட எழுந்து போயிடாதீங்க, ஓரத்துல கங்கு நிக்கும்.

பள்ளத்தூர் ஆசாரி மகன்:

பலகையை எங்க வச்சிருந்தீங்க அண்ணே? சுவத்துல சாச்சு வச்சதா இருந்தா ஈரம் குடிச்சு வளைஞ்சிருக்கும். வளைஞ்ச இடத்துல ஃபோகஸ் மாறும், அங்கதான் அறுபடாது. படுக்கப் போட்டு வைங்க. இன்னொண்ணு, சாரல் அடிக்கிற முகப்புல சும்மா மாட்டினா எம்.டி.எஃப். ஊறிப்போகும். கரியை 220 உப்புத்தாள்ல தேய்ச்சு, பிரெஞ்ச் பாலிஷுக்குக் கரைக்கிற அரக்கை ஓரத்துல ரெண்டு தடவை பூசுங்க. அப்புறம்தான் பெயின்ட். நேரா வெள்ளை அடிச்சா பழுப்பு மேல ஏறிவரும்.

காரைக்குடி கடைக்காரர்:

அண்ணே, தம்பி, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. பலகையைச் சுவத்துலதான் சாச்சு வச்சிருந்தேன், ஸ்கேல் வச்சுப் பாத்தா நடுவுல 3 எம்.எம். பள்ளம். சதுரம் வெட்டிப் பாத்ததுல ரெண்டு ஓரமும் இடப்பக்கமே சாஞ்சிருந்துச்சு. மூணாவது கண்ணாடியைச் சரி பண்ணவே ஒரு சாயங்காலம் ஆச்சு.

பக்கத்து பஞ்சர் கடை கம்ப்ரஸரை இரவல் வாங்கி, ஃபோகஸை 4 எம்.எம். இறக்கி, ஸ்பீடு 5, பவர் 70-ல விட்டேன். லென்ஸ் அதே ரெண்டு இஞ்ச்தான். ஓரம் கரி இல்ல, காப்பிக்கொட்டை நிறம். தலையை நகர்த்தி முடிச்ச உடனே அன்னம் தானா 'டொக்'குன்னு கீழ விழுந்துச்சு. எடுத்துப் பாத்தேன், அலகு முழுசா இருக்கு. நாளைக்கு அரக்கு வாங்கப் போறேன்.