மறு: டிஜிட்டல் ஆர்ட்டா, போட்டோவா? பேரு வைக்கிற சிக்கல்

எல்லாருக்கும் வணக்கம். டிஜிட்டல் ஆர்ட்டுக்கும் போட்டோவுக்கும் தமிழ்ல என்ன பேரு வைக்கிறதுன்னு ரெண்டு நாளா ஓடுற இழையை இன்னைக்குத்தான் உக்காந்து முழுசா படிச்சேன். ‘எண்ணிமக் கலை’ன்னு ஒண்ணு, ‘ஒளிப்படம்’னு ஒண்ணு, ரெண்டு பேரு வச்சா முடிஞ்சுதுன்னு ஐயா எழுதியிருக்கீங்க, உடனே யாழ்ப்பாணத்து நண்பர் எங்க பக்கம் இலக்கமுறைதான்னு பதில் போட, அப்புறம் வந்த மடல் பூரா டிஜிட்டலுக்குத் தமிழ் எண்ணிமமா இலக்கமுறையாங்கிற சண்டையிலயே போயிருச்சு. எனக்கு அந்த முன்னொட்டே வேண்டாம்னு படுது. இன்னைக்கு கேமராவே டிஜிட்டல், பிரிண்ட் போடுறது டிஜிட்டல், போட்டிக்கு அனுப்புறதும் டிஜிட்டல், இதுல எதை எதுலருந்து அந்தச் சொல் பிரிச்சுக் காட்டப் போவுது?

நான் ஏன் இதுல மூக்க நுழைக்கிறேன்னா, எங்க ஊரு போட்டோ கிளப் போட்டிக்கு விதிமுறை எழுதுற வேலை இந்த வருஷம் என் தலையில விழுந்திருக்கு. போன வருஷம் ஒருத்தர் தனுஷ்கோடி இடிஞ்ச சர்ச்சு மேல பால்வீதி எழுந்து நிக்கிற மாதிரி ஒரு படம் அனுப்பினாரு, அவ்ளோ அழகு, பரிசு கிட்டத்தட்ட அவருக்குத்தான்னு இருந்துச்சு. பேச்சுவாக்குல அவரே சொல்றாரு, சர்ச்சு தனுஷ்கோடியில எடுத்தது சார், வானம் கொடைக்கானல்ல எடுத்ததுன்னு. ரெண்டுமே அவரு எடுத்ததுதான், ரெண்டுமே நிஜ வெளிச்சம்தான், ஆனா அந்த வானம் அந்த சர்ச்சு மேல அன்னைக்கு இல்ல. நடுவர்கள்ல ஒருத்தர் இது போட்டோன்னாரு, இன்னொருத்தர் டிஜிட்டல் ஆர்ட்டுன்னாரு, ராத்திரி பத்து மணி வரைக்கும் டீ குடிச்சதுதான் மிச்சம்.

இந்த ஒட்டுவேலை கம்ப்யூட்டர் வந்து ஆரம்பிச்சதும் இல்ல. ரெய்லாண்டர்னு ஒரு போட்டோகிராபர் 1857லயே முப்பதுக்கும் மேல நெகட்டிவ சேர்த்து ஒரே படமா பிரிண்ட் போட்டாரு, விக்டோரியா ராணியே ஒரு பிரதி வாங்கினாங்க. அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம ஊரு ஸ்டூடியோவுல என்ன நடக்குது? பாட்டி செத்துப் போயிடும், கையில இருக்கிறது ஓட்டர் ஐடி படம் ஒண்ணுதான், அதக் கொண்டு போய்க் குடுத்தா முகத்த மட்டும் வெட்டி எடுத்து, பட்டுப்புடவை, காசுமாலை, மூக்குத்தி எல்லாம் போட்டு, உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் போடாத நகையோட பெருசா சட்டம் போட்டுக் குடுப்பாங்க. அத வீட்ல பாட்டி போட்டோன்னுதான சொல்றோம், யாராச்சும் பாட்டி டிஜிட்டல் ஆர்ட்டுன்னு சொல்வோமா!

அதனால நான் கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: படத்துல தெரியுறதுலருந்து வெளிச்சம் வந்து கேமராவுல விழுந்துச்சா? விழுந்துச்சுன்னா ஒளிப்படம், அந்தச் சொல்லுக்குள்ளயே பரீட்சை இருக்கு பாருங்க, புகைப்படம்னு வச்சிருந்தா இந்த வசதி கிடையாது. வெளிச்சத்த கூட்டுறது குறைக்கிறது, ஓரத்த வெட்டுறது, அந்தக் காலத்துல நெகட்டிவ் மேல பென்சிலால திருத்துன டச்சிங், இதெல்லாம் ஒளிப்படத்துக்குள்ளதான். வெவ்வேற இடத்து, வெவ்வேற நேரத்து வெளிச்சத்த ஒண்ணா சேர்த்தா ஒட்டுப்படம், ஒட்டு மாங்கன்னு சொல்றோமே அது மாதிரி, வேரு ஒரு மரம் கிளை ஒரு மரம், ஆனா ரெண்டும் நிஜ மரம். பாட்டியும் தனுஷ்கோடியும் இங்க வந்துரும்.

வெளிச்சமே விழாம, பாக்க மட்டும் போட்டோ மாதிரி இருக்கிறதுக்குப் புனைபடம். புனைபெயர், புனைகதைன்னு ஏற்கனவே புழங்குற சொல்லுதான். வினைத்தொகைங்கிறதால நடுவுல ப் வராது, ஏற்கனவே ரெண்டு பேர் ‘புனைப்படம்’னு எழுதிட்டாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். 2023ல போரிஸ் எல்டாக்சன்னு ஒரு ஜெர்மன் போட்டோகிராபர் சோனி போட்டோ போட்டியில ஏஐ படத்த அனுப்பி ஜெயிச்சு, இது போட்டோவே இல்லன்னு சொல்லி பரிச வேண்டாம்னாரே, அது சுத்தமான புனைபடம். ஏஐகிட்ட இப்படிப் படம் வேணும்னு எழுதிக் குடுக்கிறது ப்ராம்ப்ட், அதனால வெளிநாட்டுல இந்த மாதிரி படத்துக்கு ‘ப்ராம்ப்டோகிராபி’ன்னு ஒரு சொல் ஓடுது, அத வச்சுத்தான் இங்க ஒருத்தர் ‘ஏவுபடம்’னு சொல்லியிருக்காரு போல. இலக்கணம் சரிதான், ஆனா என் காதுல ஏவல் பில்லி சூனியம்தான் கேக்குது. அடுத்த வருஷமே மைல்ஸ் ஆஸ்ட்ரேன்னு ஒரு போட்டோகிராபர் தலைகீழா பண்ணாரு, தலையே இல்லாத மாதிரி நிக்கிற நிஜப் பூநாரைய எடுத்து இன்னொரு போட்டியில ஏஐ பிரிவுக்கு அனுப்பினாரு, அங்க பரிசும் வாங்கி, உண்மைய சொன்னதும் தூக்கிட்டாங்க. பூநாரை கழுத்த மடிச்சு சொறிஞ்சா அப்படித்தான் தெரியும், கோடியக்கரைப் பக்கம் போனவங்களுக்கு இது புதுசில்ல. கண்ணால பாத்து நடுவராலயே பிரிக்க முடியல, அப்ப எப்படி வந்துச்சுன்னு கேட்டுத்தான் பேரு வைக்கணும்.

டேப்லெட்ல பேனா வச்சு வரையுற தங்கச்சி ஒருத்தங்க, எங்கள ஏஐ கூட்டத்தோட ஏன் சேர்க்குறீங்கன்னு கோவமா கேட்டிருந்தாங்க. நியாயம். கையால வரைஞ்சா அது ஓவியம், தூரிகை மாறினதுக்கு தனிப் பேரு எதுக்கு? வரைபடம்னு வைக்கலாம்னா அது மேப்புக்குப் போயிருச்சு.

போன்தான் கழுத்தறுக்குது. ஒரே நொடியில பல பிரேம் எடுத்து தானே சேர்க்குது, அது ஒரே இடம் ஒரே நேரம்ங்கிறதால ஒளிப்படம்னு விட்டுறலாம். ஆனா 2023ல ஒருத்தர் வேணும்னே மங்கலாக்கின நிலா படத்த மானிட்டர்ல வச்சு சாம்சங் போன்ல எடுக்க, போன் அதுல இல்லாத பள்ளமெல்லாம் சேர்த்துக் காட்டுச்சு. இத எங்க வைக்கிறது? நான் புனைபடம்ங்கிறேன், எங்க கிளப் செயலாளர் அப்ப பாதிப் பேர் படத்த திருப்பி அனுப்பணும்யாங்குறாரு.

இன்னொண்ணு. தனுஷ்கோடிக்காரர்கிட்ட ஒட்டுப்படம்னு சொல்லிப் பாத்தேன், முகமே வாடிப் போச்சு, “என்ன சார், ஒட்டுப் போட்ட துணி மாதிரி சொல்றீங்க, இணைபடம்னு வைங்களேன்”னாரு. எனக்கு மாங்கன்னுதான் ஞாபகம் வருது, அவருக்கு கிழிசல். ஒட்டுப்படமா இணைபடமா, ஐயாவும் யாழ்ப்பாணத்து நண்பரும் ஒரு வார்த்தை சொல்லுங்க, வெள்ளிக்கிழமை படிவம் அச்சுக்குப் போகுது.