கேமராவுக்குப் பணம் அனுப்புமுன் ஒரு விஷயம்

கிணற்றடி வீடு, மஸ்கட்:

எல்லாருக்கும் வணக்கம்.

நம்மூர் மடற்குழுவில் பொருளாளர் அத்தான் போட்ட மடலை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். பள்ளிக்கூடத் தெருவில் ஆறு கண்காணிப்புக் கேமரா, ஆளுக்கு 5,000 ரூபாய், பதினைந்தாம் தேதிக்குள். சரி, அனுப்பிவிடுகிறேன். ஆனால் ஊரில் பார்த்துவிட்டு வந்ததைச் சொல்லாமல் பணத்தை மட்டும் அனுப்ப மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த லீவுக்கு நான் போனபோது குற்றாலத்தில் நல்ல சீசன். இருபது நாளும் ஓட்டில் சாரல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் அம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் போட வேண்டியிருந்தது. சாயங்காலம் நாலேகால் மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். ஆச்சி கடை இருந்த இடம். இப்போது அது செல்போன் கடை. வாசலில் போன் உறைகள் தோரணமாகத் தொங்குகின்றன. உள்ளே நீல விளக்கு. கல்லாவில் இருக்கிற பையனுக்கு இருபது வயசு இருக்கும், யார் வந்தாலும் காதில் மாட்டியதைக் கழற்றுவதில்லை. பணம் ஸ்கேன் பண்ணினால் ஒரு பெட்டி சத்தமாகத் தொகையைச் சொல்கிறது. அந்தக் கடையில் வாய் திறந்து பேசுவது அது ஒன்றுதான்.

எனக்கு முன்னால் யூனிபாரத்தில் மூன்று பையன்கள் நனைந்துபோய் நின்றார்கள். ஏழாவதோ எட்டாவதோ படிப்பார்கள். ஒருவன் இருபது ரூபாய் நோட்டை நான்காக மடித்துக் கண்ணாடி மேல் வைத்தான். என்ன வேண்டும் என்று அவன் சொல்லவில்லை, கடைப் பையனும் கேட்கவில்லை. போன் உறை அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டு எதையோ எடுத்துக் கொடுத்தான். வாங்கினவன் அதைச் சட்டைப்பையில் போடவில்லை. குடையை மடக்கி, துணி மடிப்புக்குள் செருகி, பித்தானைப் போட்டான். பலநாள் பழகிய கை.

இரண்டாவது பையன் அங்கேயே கீழ் உதட்டை இழுத்து, சின்னத் தலையணை மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டலத்தை ஈறை ஒட்டி வைத்துக்கொண்டான். “அம்மா, அது சூயிங்கமா?” என்றாள் மகள். புகையிலை. துப்ப வேண்டாம், வாயில் புதினா வாசம்தான் வரும், வகுப்பில் வாத்தியார் முன்னால் உட்கார்ந்தே வைத்துக்கொள்ளலாம். குட்கா வகையறாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை போட்டாயிற்று.

“யாருப்பா நீங்க, யார் வீட்டுப் பிள்ளைகள்?” என்று கேட்டேன்.

“நீங்க யாரு?” என்றான் குடைக்காரன்.

திமிராகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். எனக்கும் அவன் முகத்தில் எந்த வீட்டுச் சாயலும் தெரியவில்லை. நான் பிறந்த தெரு அது.

ஆச்சி கடையில் இது நடந்திருக்குமா? நான் மூன்றாவது படிக்கும்போது அஞ்சு ரூபாய் நோட்டோடு தேன்மிட்டாய்க்குப் போனேன். “யாரு குடுத்தா?” என்றாள். மாமா என்றேன். “எந்த மாமா?” பதில் சரியில்லை என்று நோட்டை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு, ராத்திரி அம்மாவிடம் கொடுத்தாள். மிட்டாய் மட்டும் தந்தாள், அதுவும் பற்று நோட்டில் ஏறியது. ஆச்சி ஒன்றும் மகான் இல்லை, பீடியும் சிகரெட்டும் விற்றவள்தான். ஆனால் அப்பாவுக்கு பீடி என்று எந்தப் பிள்ளை போய் நின்றாலும் “உங்கப்பனை வரச் சொல்லு” என்று விரட்டிவிடுவாள்.

பள்ளிக்கூடச் சுவரில் ஒரு மஞ்சள் பலகை இருக்கிறது. 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் வருடச் சட்டம். பாதிப் பலகையைப் பூப்புனித நீராட்டு விழா ஃபிளெக்ஸ் மறைத்திருந்தது. 100 கஜம் என்றால் 91 மீட்டர். பள்ளிக்கூட வாசலிலிருந்து கடைவரை என் மகள் எண்ணிக்கொண்டே நடந்தாள்: அறுபத்திரண்டு எட்டு. பத்து வயசுப் பிள்ளையின் எட்டு. பிள்ளைகளுக்குப் புகையிலை கொடுத்தால் 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

பழைய சைக்கிள் கடையில் வேறு கதை. வெளியே ஜெராக்ஸ் என்று போர்டு, உள்ளே கேரளா நம்பர். கேரளாவில் 1967-லிருந்து அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது, நம் பக்கம் 2003-லேயே தடை. அதனால் இங்கே சீட்டு கிடையாது, கடைசி மூன்று நம்பரைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துப் பணம் கட்டுகிறார்கள். அந்தத் தாளை யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் தெரியுமா? பேரப்பிள்ளைகள். என் சித்தி மகனின் பையன் கையில் நானே பார்த்தேன். “தாத்தா குடுக்கச் சொன்னாரு” என்றான். சித்தப்பா கோபித்துக்கொள்ளட்டும், பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

இப்போது எழுதக் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டடங்கள் யாருடையவை? சைக்கிள் கடை மில் வீட்டுப் பெரியப்பாவுடையது. தையல்கடை இருந்து இப்போது ஃபாஸ்ட் ஃபுட் ஆகியிருப்பது மச்சு வீட்டுக்காரர்களுடையது. ஆச்சி கடை எங்களுடையது. அப்பா பெயரில் இருந்தது, இப்போது தம்பி பெயரில்.

ஆச்சி போன பிறகு அவள் மகன் கடையை நடத்த ஆசைப்பட்டார். மாதம் 1,500-க்கு மேல் கட்டுப்படியாகாது என்றார். செல்போன் கடைக்காரர் 6,500 வாடகையும் 60,000 அட்வான்ஸும் தருவதாகச் சொன்னார். தம்பி தயங்கினான். “நல்ல பார்ட்டி வரும்போது என்னடா யோசனை, முடி” என்று மஸ்கட்டிலிருந்து போனில் சொன்னவள் நான்தான்.

கேமரா எதைப் படம் பிடிக்கும்? குடையை மடக்குகிற பையனைப் பிடிக்கும். அவனைப் பிடித்து என்ன செய்யப் போகிறோம்? கடை நம்முடையது, வாடகை நமக்கு வருகிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, மீறினால் காலி பண்ணு என்று சொல்ல நமக்கு 30,000 ரூபாய்க் கேமரா வேண்டியதில்லை. பள்ளிக்கூடத் தெருவில் கட்டடம் வைத்திருக்கிறவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் கடையில் என்ன விற்கிறார்கள் என்று ஆள் விட்டு விசாரித்து இங்கேயே எழுதுங்கள். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்கு நான் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அதையும் மறைக்கவில்லை.

*

மச்சு வீடு, சிங்கப்பூர்:

தங்கச்சி எழுதியது வருத்தமான செய்திதான். எங்கள் கடையைப் பற்றி விசாரிக்கிறேன். ஃபாஸ்ட் ஃபுட்டில் என்ன குற்றம் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

அது ஒருபுறம் இருக்கட்டும். ஆறு கேமராவுக்கு ஒரே ஒரு கொட்டேஷன்தான் வந்திருக்கிறது. அதில் கேபிள் 240 மீட்டர் என்று போட்டிருக்கிறது. பள்ளிக்கூடத் தெருவே அவ்வளவு நீளம் கிடையாது. அப்புறம், நூலகக் கூரைக்கு வசூலித்ததில் மீதி 18,500 இருந்தது. போன வருடக் கணக்கில் அது “கைவசம்” என்று இருந்தது, இந்த வருடக் கணக்கில் அந்த வரியே இல்லை. யார் கைவசம்? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். பதில் வரும்வரை நான் பத்து ரூபாய்கூட அனுப்புவதாக இல்லை.

*

மில் வீடு, ஷார்ஜா:

இந்த மடற்குழுவில் கல்யாணமாகி வந்த மருமக்களும் இருக்கிறார்கள். அவர்கள் வழியாக நாலு ஊருக்குப் போகும் என்ற யோசனை இல்லாமல் நம்மூர்ப் பிள்ளைகளைப் பற்றி இப்படி எழுதலாமா? நாளைக்குப் பெண் கேட்டு யார் வருவார்கள்?

இந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று சின்னவர்களுக்குத் தெரியாது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி. தேவிகுளம், பீர்மேடு அந்தப் பக்கமே நின்றுவிட்டன, செங்கோட்டை நம் பக்கம் வந்தது. எல்லை புளியரைக்குப் போயும் இன்றைக்கும் ஜனங்கள் பிரானூரைத்தான் “பார்டர்” என்கிறார்கள். தமிழ்நாட்டோடு சேர ஊர்வலம் போனவர் என் அப்பா. அந்த ஊரையா புகையிலை ஊர் என்று எழுதுவது?

கெடுப்பது வெளியாட்கள். வடக்கேயிருந்து வந்தவன், மலை தாண்டி வந்தவன், இவர்களைக் கேளுங்கள். என் கடையில் ஜெராக்ஸ் மட்டும்தான் எடுக்கிறார்கள். கிணற்றடி வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டைப் பற்றி எழுதுவது இது முதல் தடவையும் இல்லை. அந்தக் கோயில் கொடை வருஷம் மைக்கைப் பிடுங்கியது யார் என்று ஊருக்கே தெரியும்.

*

பூவரசடி வீடு, மெல்பர்ன்:

பெரியப்பா, மைக் விஷயத்தை விடுங்கள். முப்பது வருஷம் ஆகப் போகிறது.

ஆச்சி கடை என்று படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பன்னீர் சோடாவின் கோலிக்குண்டை எடுக்கிறோம் என்று நானும் மதினியும் பாட்டிலை உடைத்து மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை மீட்டர்கேஜ் ரயிலில் புனலூர் போய்ப் பதின்மூணு கண் பாலத்தை எண்ணுவோம். 2010-ல் அதை நிறுத்தி 2018-ல் பெரிய ரயில் விட்டார்கள். நான் இன்னும் அதில் ஏறவில்லை. ஏறினால் பழைய சத்தம் போய்விடும் என்று ஒரு பயம்.

கேமரா போடுவதானால் ஒன்றை மெயின் ரோட்டைப் பார்த்துத் திருப்புங்கள். எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போகிற டிப்பர் லாரிகள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் நிற்பதில்லை. புளியரை வளைவு வருமுன் வேகம் பிடிப்பது நம்மூரில்தான். என் அக்கா மகள் ரோட்டைத் தாண்ட தினமும் எங்கள் அம்மா போய் நிற்கிறாள். அவளுக்கு எழுபத்தோரு வயசு, ஒரு முழங்கால் மடங்காது. அவள் கையைக் காட்டினால்தான் லாரி நிற்கிறது.

*

கிணற்றடி வீடு, மஸ்கட்:

பெரியப்பாவுக்கு: வெளியாள் என்றீர்கள். எங்கள் கடைக்கு அந்தச் சரக்கை வியாழக்கிழமை தோறும் பைக்கில் கொண்டுவந்து இறக்குகிறவன் நம்மூர்தான், உங்கள் தெருதான். பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்கிறேன். மைக்கைப் பிடுங்கியது என் அப்பாதான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு: 18,500 பற்றிப் பொருளாளர் அத்தான்தான் சொல்ல வேண்டும். கேபிள் நீளத்தைப் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று.

மெல்பர்ன் மதினிக்கு: உங்கள் அம்மாவை நானும் பார்த்தேன். கையில் ஒரு சிவப்புத் துண்டு வைத்திருக்கிறார். முட்டுக்குத் தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

எங்கள் கடை விஷயம். தம்பி நோட்டீஸ் கொடுத்துவிட்டான். 60,000 அட்வான்ஸை உடனே திருப்பிக் கேட்கிறார்கள். அது போன வருடமே அம்மாவின் கண் ஆபரேஷனுக்கும் மாடிப் படிக்கட்டுக்கும் செலவாகிவிட்டது. இங்கிருந்து நான்தான் அனுப்பியிருக்கிறேன். அதனால் அத்தான், என் 5,000 அடுத்த மாதம்தான் வரும்.

ஆச்சி மகனிடம் பேசினேன். இப்போது தென்காசியில் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறார், ராத்திரி ஷிப்ட். கடையைத் திரும்ப எடுத்து நடத்துகிறீர்களா, அன்றைக்கு நீங்கள் சொன்ன அதே 1,500-க்குத் தருகிறோம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“அது அன்னைக்கும்மா” என்றார். “இப்போ ஆயிரம்தான் கட்டும். அதுவும் தம்பி வெள்ளையடிச்சுக் குடுத்தா.”