மறு: ராயல் ஐசிங் – ‘சீனிச்சாந்து’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

கிறிஸ்துமஸுக்கு பிஸ்கட் துண்டுகளை ஒட்டிச் சிறு வீடு கட்டும் செய்முறைத் தாளுக்குத் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம். அதற்கு இங்கே வந்த பரிந்துரை இது:

> ராயல் ஐசிங் = அரசப் பனிப்பூச்சு. கடினமாகத் தோன்றினால் சீனிப்பாகு என்றே விட்டுவிடலாம்.

இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பாகை முதலில் எடுக்கிறேன், அதில்தான் ஆபத்து இருக்கிறது. கிறிஸ்துமஸ் பிஸ்கட் வீட்டை ஒட்ட இங்கே நோர்வேயில் இரண்டு வழி உண்டு. பெரியவர்கள் பலர் சட்டியில் சீனியை உருக்கி, சுவரின் விளிம்பை அதில் தோய்த்து ஒட்டுவார்கள். உடனே பிடித்துக்கொள்ளும், ஆனால் விரலில் பட்டால் கொப்புளம்தான். அதுதான் பாகு. சிறுபிள்ளைகளோடு செய்யும்போது வேண்டியது மற்றது, ராயல் ஐசிங், அதாவது முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் சீனியைக் கொட்டி, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு அடிக்கிற, சூடே இல்லாத குழைவு. பாகு ஆறினால் இறுகும், இது உலர்ந்தால் இறுகும். செய்முறைத் தாளில் ‘பாகு’ என்று போட்டால் யாராவது அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

‘அரசப் பனிப்பூச்சு’ பெயரை மட்டும் மாற்றுகிறது, வேலையைச் சொல்லவில்லை. இதில் பனியும் இல்லை, பூச்சு என்பதும் பாதி வேலைதான். சுவரையும் சுவரையும் பிணைப்பது, கூரையைத் தாங்குவது எல்லாம் இதுதானே. கொத்தனார் இதைப் பார்த்தால் சாந்து என்றுதான் சொல்வார். செட்டிநாட்டு வீடுகளின் பளபளப்பான சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்திருக்கிறார்கள், கடுக்காயும் வெல்லமும்கூடப் போட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே சீனிச்சாந்து.

இன்னொரு வசதி, இந்தச் சொல் கிளை விடும். வீடு கட்டும்போது கெட்டியாகவும், சன்னலுக்குக் கோடு போட்டுக் கூரையில் பனி வழிய விடும்போது இளக்கமாகவும் இரண்டு பதத்தில் வேண்டும். கட்டுச்சாந்து, பூச்சுச்சாந்து என்றால் விளக்கமே தேவையில்லை. கிண்ணத்தை ஈரத்துணியால் மூடாவிட்டால் சாந்து காய்ந்துபோகும் என்று எழுதினாலும் இயல்பாக இருக்கிறது.

> ஜிஞ்சர்பிரெட் = இஞ்சி ரொட்டி

வீட்டுக்குச் சுவராகிற பிஸ்கட்டுக்கு வந்த இந்தப் பெயரும் சரியில்லை. அந்த ‘பிரெட்’ ரொட்டியே அல்ல. பதப்படுத்திய இஞ்சியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலேயர் வாயில் அப்படித் திரிந்தது. மாவில் விழுவதும் பச்சை இஞ்சியல்ல, சுக்குத்தூள், கூடவே கறுவாவும் கராம்பும் (தமிழகத்து நண்பர்களுக்கு, பட்டையும் கிராம்பும்). சுக்கு பிஸ்கட் போதும். ‘சுக்குநூறு’ நினைவு வருகிறதே என்று ஒருவர் தயங்கியிருந்தார், சுக்குக் காப்பி குடிக்கும்போது யாருக்கு அது நினைவு வருகிறது? வீட்டுக்குப் புதுச்சொல்லே வேண்டாம், பிள்ளைகள் பிஸ்கட் வீடு என்கிறார்கள், அப்படியே இருக்கட்டும்.

நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. பேர்கன் நகரில் 1991 முதல் ஆண்டுதோறும் பிஸ்கட் வீடுகளால் ஒரு நகரமே எழுப்புகிறார்கள். மழலையர் பள்ளிகளும் பாடசாலைகளும் செய்து அனுப்பும் வீடுகள் அதில் நிற்கும். 2009-இல் யாரோ உள்ளே புகுந்து அடித்து நொறுக்கியபோது ஊரார் மறுபடி சுட்டுக் கொண்டுவந்து கட்டிமுடித்தார்கள். இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளும் அந்த வேலையில் கை வைக்கிறவர்கள்தான். அவர்கள் வீட்டில் அம்மம்மாவோடு இருந்து செய்யும்போது கையில் ஒட்டுகிற அந்தப் பொருளுக்கு ஒரு தமிழ்ப் பெயர் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

செய்முறைத் தாளில் இரண்டு குறிப்பும் சேர்க்கிறேன்: சிறுவர் சாப்பிடுவதால் பச்சை முட்டைக்குப் பதில் பதப்படுத்திய வெள்ளைக்கருத் தூள், சுவர்கள் நன்றாக இறுகிய பிறகே கூரை, அவசரப்பட்டால் சரிந்துவிடும்.

அப்புறம், சாந்தைப் பிதுக்கும் பைக்கு ‘கூம்புப்பை’ என்று போட்டிருக்கிறேன். மருதாணிக் கூம்பு எல்லாருக்கும் தெரியும் என்பதால். மாற்றுச்சொல் இருந்தால் தாள் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.