எதிர்ப்பொருளா, பிறபொருளெதிரியா? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

சுங்கை சிப்புட், மலேசியா, திங்கள் இரவு

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். ஞாயிறன்று எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம். தமிழில் துண்டறிக்கை போடுகிறோம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். வாசிக்கப்போகிறவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள்.

டிங்கிக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்தால், முதல் சில நாள்களில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தைத் தேடுகிறோம். அது ஆண்டிஜென். நாலைந்து நாள் போன பிறகுதான் வைரஸை எதிர்த்து உடம்பே உண்டாக்கும் ஐஜிஎம் புரதம் தென்படும். அது ஆண்டிபாடி. கோவிட் காலத்தில் வீட்டிலேயே மூக்கில் விட்டுப் பார்த்த ஆர்டிகே கருவி தேடியதும் ஆண்டிஜென்னைத்தான். ஆனால் இங்கே பாதிப்பேர் அதை 'ஆண்டிபாடி டெஸ்ட்' என்கிறார்கள். இரண்டும் ஒட்டாத மாதிரி இரண்டு சொல் வேண்டும். அப்புறம் மார்பகப் புற்றுநோய்க்குப் போடும் டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள், அதாவது மோனோகுளோனல் ஆண்டிபாடி. அதற்கும் ஒன்று.

ஆண்டிபாடிக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலில் எதிர்ப்பொருள், விக்கிப்பீடியாவில் பிறபொருளெதிரி. எதைப் போட?

யாழ்ப்பாணம், செவ்வாய்

பிறபொருளெதிரி. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த சொல். ஆண்டிஜெனுக்குப் பிறபொருளெதிரியாக்கி. இதில் என்ன குழப்பம்?

சுங்கை சிப்புட், செவ்வாய் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

குழப்பமில்லை ஐயா, துண்டறிக்கையில் இடம்தான் இல்லை. பிறபொருளெதிரியாக்கியை வாசித்து முடிப்பதற்குள் கொசு இன்னொரு தடவை கடித்துவிடும். அதற்காக 'ஆண்டிபாடி' என்று அப்படியே போட்டால், காவடி எடுக்கிற ஊரில் எந்த ஆண்டி பாடினார் என்று கேட்பார்கள்.

கோவை, செவ்வாய் இரவு

மருத்துவராக ஒரு தடை. லூப்பஸ் நோயில் உடம்பு தன் சொந்த உயிரணுக்களின் கருவுக்கு எதிராகவே ஆண்டிபாடி உண்டாக்குகிறது. தன்பொருளைத் தாக்கும் பிறபொருளெதிரி என்று எழுதச் சொல்கிறீர்களா? எதிர்ப்பொருள் என்றால் அந்தச் சிக்கல் வராது.

ஈப்போ, புதன்

எல்லோரும் 'எதிர்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டீர்கள். 1891இல் பால் ஏர்லிக் என்ற ஆய்வாளர் ஜெர்மனில் 'எதிர் உடல்' என்று பெயர் வைத்தார், நாமும் அதையே சுமக்கிறோம். அதற்கு முந்திய ஆண்டுதான் பேரிங்கும் கிடசாடோவும் தொண்டை அடைப்பான் நஞ்சை முறிக்கும் சீரத்தைக் காட்டினார்கள். போர்க்களப் பேச்சு அப்போது பொருத்தமாக இருந்திருக்கும். இன்று? கர்ப்பம் பார்க்கும் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்துகள் ஒட்டிய ஆண்டிபாடி, சிறுநீரில் இருக்கும் ஹெச்சிஜி ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு பட்டையில் ஊர்ந்து போகிறது. கோடு போட்ட இடத்தில் இன்னொரு ஆண்டிபாடி அந்த ஹார்மோனின் மறுபுறத்தைப் பிடித்து நிறுத்துகிறது. எதை எதிர்த்தது? ஆய்வகத்தில் ஆயிரம் புரதங்களுக்கு நடுவே ஒன்றைக் காட்டித்தருவதும் இதுதான். ஒய் வடிவம், இரண்டு கைநுனி, இரண்டிலும் பிடி. வேலை பற்றுவது. ஆகவே 'பற்றி'.

பற்றுக்குறடு நமக்குத் தெரியும். உலோகத்தை ஒட்டவைக்கும் பற்றாசும் தெரியும். இன்னும் வேடிக்கை, பகைவருக்குப் பழந்தமிழில் பற்றலர். பற்றாதவர் பகைவர் என்றால், பற்றுகிற இதை எதிரி என்று கூப்பிடுவது எவ்வளவு தலைகீழ்! இந்த வேரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கீழே இறங்கினால்...

(மீதி மூன்று பத்தியை, நெறியாளர் என்ற உரிமையில், தனி இழைக்கு நகர்த்திவிட்டேன்.)

சென்னை, புதன்

பற்றியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள் அண்ணே.

ஈப்போ, புதன்

சரி, 'கவ்வி'.

சுங்கை சிப்புட், வியாழன் (தமிழாசிரியர்)

கவ்வி என்றால் துணி காயப்போடுகிற கிளிப். விடுங்கள். "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று, காலத்தில் புழக்கத்துக்கு வந்த சொல்லை ஒதுக்கவேண்டாம் எனத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார். எதிர்ப்பொருள் புழங்கிவிட்ட சொல், இருக்கட்டும்.

எனக்கு ருசியானது மோனோகுளோனல்தான். 'குளோன்' தோட்டத்தில் வளர்ந்த நமக்குப் புதிதா? ஆர்ஆர்ஐஎம் 600 என்ற பால்மர ரகத்தின் பெயரைக் கிராணி (தோட்டக் கணக்கர்) வாயில் கேட்காத நாள் உண்டா? ஒரு தாய்மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டி, நிரை முழுக்க ஒரே மரம். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் செய்ததற்கும் அதே கணக்குத்தான்: ஆண்டிபாடி சுரக்கும் ஒரு உயிரணுவைச் சாகாத புற்றணுவோடு இணைத்து, அந்த ஒன்றின் வழிவந்த கூட்டத்தை மட்டும் வளர்த்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. 1984இல் நோபல் பரிசு. கிரேக்கத்தில் குளோன் என்றால் சுள்ளி, கிளை. தமிழில் கிளைக்குச் சுற்றம் என்றும் பொருள் உண்டு. ஆகவே 'ஒருகிளை எதிர்ப்பொருள்'.

பால்மரச் சருகுக்குள் கிடக்கும் குழிவிரியன் கடித்தால் போடுகிறார்களே, குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த ஊசி, அது பல உயிரணு வழிகள் சுரந்த கலவை. அது 'பல்கிளை'. இரண்டு சொல்லையும் வயதானவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

கோவை, வியாழன்

சொல் அழகு. ஆனால் புற்றுநோய்த் துண்டறிக்கையில் 'கிளை' வந்தால், நோய் கிளைவிட்டுப் பரவுகிறது என்று நோயாளி பயந்துபோவார். 'ஒருவழி' என்றால்?

சென்னை, வியாழன்

ஒருவழிப் பாதை.

சுங்கை சிப்புட், வெள்ளி காலை

அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலோர் சொன்னபடி எதிர்ப்பொருள். முதல் தடவை மட்டும் 'ஆண்டிபாடி எனும் எதிர்ப்பொருள்'. ஆண்டிஜென்னுக்கு யாரும் ஒத்துக்கொள்ளும் சொல் கிடைக்கவில்லை, 'நோய்க்கிருமியின் புரதம் (ஆண்டிஜென்)' என்று விளக்கிவிட்டேன். டிங்கிக்கு அது போதும். புற்றுநோய்ப் பகுதியில் மருந்தின் பெயரோடு, புற்றணுவின் மேலிருக்கும் ஹெர்2 புரதத்தைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருள் என்று போட்டிருக்கிறேன். ஒருகிளை பாம்புக்கடிப் பெட்டிச் செய்தியில் பல்கிளையோடு சேர்ந்து வருகிறது. வாத்தியார் ஐயாவுக்கு நன்றி.

ஈப்போ, வெள்ளி

'தேடிப் பற்றும்' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம், வெள்ளி

என்னுடையதையும். நேர் எதிர்க்காரணத்துக்கு.