அம்மப்பாவின் பேணியில் இருந்த 1938 சிகரட் அட்டைகள்: பெறுமதியை எப்படி அறிவது?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை)

வணக்கம். எனது அம்மப்பா, கடற்படைத் தளம் பிரித்தானியரிடம் இருந்த காலத்தில் இங்குள்ள டொக்யார்டில் தச்சு வேலை பார்த்தவர். கப்பற்காரர்கள் சிகரட் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து வீசும் பட அட்டைகளைக் கேட்டு வாங்கி, ஒரு பிஸ்கட் பேணியில் சேர்த்து வைத்திருந்தார். அவை ஜோன் பிளேயர் அன் சன்ஸ் என்ற பிரித்தானிய சிகரட் கொம்பனி 1938இல் வெளியிட்ட கிரிக்கெட் வீரர் தொடரைச் சேர்ந்தவை. 50 அட்டைகளில் 43 இருக்கின்றன. அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர் பிரட்மனின் அட்டை, அம்மப்பா சட்டைப்பையிலேயே கொண்டு திரிந்ததால், மூலைகள் தேய்ந்து நடுவில் மடிப்பு விழுந்திருக்கிறது. வேறு நான்கு அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பழம்பொருள் வாங்கும் ஒருவர், ஒட்டியவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கும்படியும், பிரட்மனை மட்டும் தனக்குத் தரும்படியும் கேட்கிறார். என்ன செய்யலாம்?

மறுமொழி 1 (உப்புவெளி)

தயவுசெய்து ஊறவைக்க வேண்டாம். அந்தத் தொடரின் அட்டைகளுக்குப் பின்புறம் பசை பூசப்பட்டிருந்தது. ஒரு பென்னிக்கு விற்ற அல்பத்தில் நனைத்து ஒட்டுவதற்காகவே அப்படிச் செய்தார்கள். நமது ஊரில் ஐப்பசி பிறந்து மழை தொடங்கினால் காற்றின் ஈரமே அந்தப் பசையை இளக்கப் போதுமானது, உங்கள் நான்கு அட்டைகளும் அப்படித்தான் ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீரில் இட்டால் பசை முழுவதும் கரைந்துவிடும். சேகரிப்பவர்கள் பசை கெடாத அட்டையையே கூடுதலாக விரும்புகிறார்கள். மற்ற 39 அட்டைகளையும் பொலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் உறைகளில் ஒவ்வொன்றாக இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி வையுங்கள். பீ.வீ.சீ. உறை காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும்.

மறுமொழி 2 (கொழும்பு, சொந்த ஊர் நிலாவெளி)

பெறுமதியைப் பற்றி நேராகச் சொல்கிறேன், மனம் வருந்த வேண்டாம். டொப்ஸ் என்ற அமெரிக்கக் கொம்பனி 1952இல் வெளியிட்ட, மிக்கி மான்ரில் என்ற பேஸ்போல் வீரரின் அட்டை ஒன்று 2022இல் 1 கோடியே 26 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போனதைக் கேள்விப்பட்டுப் பலரும் பழைய அட்டையெல்லாம் பொன் என்று எண்ணுகிறார்கள். அந்த அட்டை மூலை மழுங்காமல், அச்சு நடுவிலிருந்து விலகாமல் இருந்ததால்தான் அந்த விலை. உங்களுடைய தொடரோ பெருந்தொகையாக அச்சிடப்பட்டது. முழுத் தொகுதி இன்றும் இங்கிலாந்தில் எளிதாகக் கிடைக்கிறது. 1927 முதல் இயங்கும் இலண்டன் சிகரட் கார்ட் கொம்பனியின் விலைப்பட்டியலைப் பாருங்கள், ஆனால் அது அவர்கள் விற்கும் விலை, உங்களுக்குக் கிடைக்கும் விலையன்று. ஏலத் தளங்களிலும் கேட்கும் விலையை விட்டு, விற்று முடிந்த விலையையே கணக்கில் எடுங்கள். அட்டையின் நிலையைப் பார்த்துத் தரப்புள்ளி இடும் அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பினால், கட்டணமும் தபாற்செலவும் அட்டையின் விலையை விழுங்கிவிடும்.

பிரட்மனைத் தனியே கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் இல்லாத 42 அட்டைகளை வாங்க ஆள் கிடைப்பது கடினம். குறையும் ஏழு அட்டைகளையும் சில்லறையாக வாங்கி நிரப்பினால் தொகுதி முழுமையாகும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இவை பின்னர் அடித்த மறுபதிப்பாக இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம் உண்டு.

மறுமொழி 1

கடைகளில் கள்ளநோட்டா என்று பார்க்கும் புறஊதா விளக்கின் கீழ், இருட்டில் பிடித்துப் பாருங்கள். காகிதத்துக்கு வெண்மையூட்டும் இரசாயனம் போருக்குப் பின்னரே பரவலானது. ஆகவே 1938இன் அட்டை மங்கலாகவே தெரியும், பிற்காலத்து அட்டை பெரும்பாலும் நீலவெள்ளையாக ஒளிரும்.

கேட்டவர்

இன்று மாலை சந்தைக்கு அருகில் ஒரு கடையில் பார்த்தேன். ஒன்றுகூட ஒளிரவில்லை. பிரட்மனின் மடிப்பில் மட்டும் நார் பிரிந்து வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அவரை விற்பதாக இல்லை. குறைந்த ஏழின் இலக்கங்களை நாளை இங்கே இடுகிறேன்.