இசிஜி நார்மல், ஆனாலும் வீட்டுக்கு அனுப்ப மறுக்கிறார்கள்

கேள்வி:
அப்பாவுக்கு வயது 61, சுகர் உண்டு. விடியற்காலையில் நெஞ்சுக்கு நடுவே பாறாங்கல்லை வைத்ததுபோல வலி, வியர்த்துக் கொட்டியது, வலி முதுகு வரை போகிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று வெந்நீர் கொடுத்துப் பார்த்து அரை மணி நேரத்தை வீணாக்கிவிட்டோம், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். இசிஜி நார்மல், ரத்தப் பரிசோதனையும் நார்மல், இப்போது வலியும் இல்லை. ஆனால் 3 மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், சிடி ஸ்கேனும் வேண்டும் என்கிறார் டாக்டர். அப்பா வீட்டுக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடிக்கிறார். இதெல்லாம் அவசியம்தானா?

பதில் 1:
தயவுசெய்து கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். இசிஜி காட்டுவது அது எடுக்கப்பட்ட அந்தப் பத்து நொடியை மட்டும்தான், மாரடைப்பு இருந்தும் முதல் இசிஜி சரியாக இருப்பது உண்டு, அதனால்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். ரத்தத்தில் பார்ப்பது ட்ரோபோனின். இதயத் தசை சேதமானால் கசிகிற புரதம் அது, ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும். முதல் எண்ணை விட இரண்டாவது எண் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வியே. வலி நின்றுவிட்டது என்பதை நம்பாதீர்கள், அதுவும் சுகர் உள்ளவருக்கு.

பதில் 2:
அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். சிடி கேட்டது அந்த முதுகு வலிக்காகத்தான் இருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தாலும் திடீரென்று இப்படி வலிக்கும், இரண்டு கைகளிலும் பிரஷர் பார்த்தார்களா? பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தச் சந்தேகம் கூடும். கிழிசல் இருப்பது தெரியாமல் மாரடைப்பு என்று ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டால் ஆபத்து. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்பதையும் சிடியில்தான் பார்ப்போம். இன்னொன்று, அப்பா சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறாரா, கிட்னி எப்படி என்று ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், ஊசியில் ஏற்றும் சாயத்துக்கு அது முக்கியம்.

பதில் 3:
வாயு, அசிடிட்டி, விலா எலும்புக்கூட்டில் வீக்கம், பதற்றம் எல்லாவற்றிலும் நெஞ்சு வலிக்கும், பெரும்பாலும் அப்படித்தான் முடியும். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையில் வலி குறைந்தால் இதயம்தான் என்றும் சொல்ல முடியாது, உணவுக்குழாய் இறுக்கிப் பிடித்து வருகிற வலியும் அதே மாத்திரையில் குறையும்.

கேள்வி கேட்டவர்:
சிடியில் கிழிசல், கட்டி எதுவும் இல்லை. ஆனால் இரண்டாவது ட்ரோபோனின் ஏறியிருக்கிறது. ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள், நாளை காலை ஆஞ்சியோ, இதய ரத்தக்குழாயில் குழாய் விட்டு அடைப்பு பார்ப்பார்களாம். நல்லவேளை, கிளம்பவில்லை. மயக்கம் கொடுப்பார்களா என்று அப்பா பயப்படுகிறார்.

பதில் 2:
பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. மணிக்கட்டில் மரத்துப்போக ஊசி போட்டு அந்த வழியாகவே குழாயை விடுவார்கள், பேசிக்கொண்டே இருக்கலாம். இரவில் லேசாக வலித்தாலும் பொறுத்துக்கொள்ளாமல் உடனே நர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.